சொம்பிலிருந்து கொட்டிய மல்லிகை: ஒரு கனவுப் படத்துக்குப் போன 11 வாரம்

பித்தளைச் சொம்பு ஒன்று கயிற்றில் சாய்ந்து தொங்குகிறது. அதன் வாயிலிருந்து தண்ணீருக்குப் பதில் மல்லிகைச் சரம் வளைந்து விழுந்து, கீழே மனைப்பலகையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளருக்குள் இறங்குகிறது. பக்கத்தில் டவரா, உடைத்த தேங்காய் மூடி, ஒரு தீப்பெட்டி. பின்னால் இருட்டு. படம் இவ்வளவுதான். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சாமான்கள், கணினிக்குள்ளேயே முப்பரிமாணக் காட்சி கட்டும் பிளெண்டர் என்ற இலவச மென்பொருள், 6 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் உள்ள ஒரு லேப்டாப். 4 வாரத்தில் முடிந்துவிடும் என்று போட்ட கணக்கு 11 வாரமாக இழுத்தது. வாடகைக் கணினிக்கு 2,800 ரூபாய், தப்பாகப் போன இரண்டு அச்சுக்குத் தலா 3,300 ரூபாய், ஆக 9,400 ரூபாய் தண்டம். காசை விட அதிகம் வலித்தது, பாதி நேரம் எதனால் கெடுகிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்ததுதான். இந்த வேலையில் இறங்குகிற இன்னொருவருக்கு அந்த நாட்கள் மிச்சமாகட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதல் 3 வாரம் முழுசாக வீணானது, அதுவும் மென்பொருளால் அல்ல. முதல் வடிவத்தில் சொம்பு அந்தரத்தில் மிதந்தது, பலகை மெழுகு மாதிரி உருகி வழிந்தது, தேங்காய்க்குக் கண் இருந்தது, தீக்குச்சிகள் நடந்து போயின. ரெண்டர் செய்து, அதாவது கட்டிய காட்சியைக் கணினியை வைத்துப் படமாக்கி, பார்த்தால் எதுவுமே திடுக்கிட வைக்கவில்லை. எல்லாமே விதி மீறினால், பார்க்கிற கண்ணுக்கு விதி என்று ஒன்று இருப்பதே தெரியாது. கனவு மாதிரியான படைப்புகளைச் செய்த பழைய சர்ரியலிசக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். மாக்ரித் 1952-ல் ஓர் அறை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரே ஒரு பச்சை ஆப்பிளை வரைந்தார். தரைப்பலகை, சன்னல், வெளிச்சம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அளவு ஒன்றுதான் பொய். மெரெட் ஓப்பன்ஹைம் 1936-ல் கோப்பை, தட்டு, கரண்டி மூன்றுக்கும் மிருக ரோமம் போர்த்தினார். வடிவம் கடையில் வாங்கிய அதே வடிவம். மான் ரே 1921-ல் இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு வரிசை ஆணியை ஒட்டினார், அவ்வளவே. ஆக, ஒரே ஒரு பொய் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக மெய்யாக இருக்கட்டும். இந்தப் படத்தில் அந்தப் பொய், தண்ணீர் மல்லிகை ஆனது.

அப்படி முடிவு செய்த பிறகுதான் சொம்பு மிதப்பது இரண்டாவது பொய் என்று உறைத்தது. அதற்கு வழி காட்டியவர் 1602 வாக்கில் ஒரு சீமை மாதுளையையும் முட்டைக்கோஸையும் நூலில் கட்டி, சன்னல் மாதிரியான கருப்புச் சட்டத்துக்குள் தொங்கவிட்டு வரைந்த ஸ்பெயின் ஓவியர் சாஞ்செஸ் கோத்தான். பொருள் அந்தரத்தில் இருக்கிறது, ஆனால் கயிறு இருப்பதால் மனம் ஒப்புக்கொள்கிறது. தவிர, செங்குத்தாக இழுபட்டு நிற்கும் கயிறு கனத்தைக் காட்டிவிடும். சொம்பின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டேன். மிதந்தபோது பலூன் மாதிரி இருந்த சொம்புக்கு அந்த முடிச்சால்தான் எடை வந்தது.

அடுத்தது அளவு. வெர்னியர் காலிப்பர் 300 ரூபாய்க்குள் கிடைக்கும், முதலிலேயே வாங்கிவிடுங்கள். டம்ளர் 8.5 செ.மீ. உயரம், வாய் 7 செ.மீ. விட்டம், தகடு 0.6 மி.மீ. தடிமன் என்று ஒவ்வொன்றையும் அளந்து அதே அளவில் மாடல் செய்ய வேண்டும். நான் முதலில் வசதிக்காக டம்ளரை 2 மீட்டர் உயரத்தில் செய்திருந்தேன். வடிவம் சரிதானே, அளவு என்ன செய்யும் என்று தோன்றும். லைட்டின் வாட்ஸ், பூவிதழுக்குள் ஒளி ஊடுருவும் ஆழம், கேமராவின் ஃபோகஸ் மங்கல் மூன்றும் நிஜ அளவை வைத்துத்தான் கணக்காகின்றன. 2 மீட்டர் டம்ளரை எவ்வளவு நன்றாக வெளிச்சம் போட்டாலும் அது தண்ணீர்த் தொட்டி மாதிரிதான் தெரியும். பொருளைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்தால் உடனே கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெவல் (விளிம்பு மழுக்கல்) ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வரும். பெவல் இல்லாமலும் விடக்கூடாது. உலகத்தில் எந்த விளிம்பும் கத்தி மாதிரி கூர்மையாக இல்லை. தீப்பெட்டிக்குக்கூட 0.3 மி.மீ. மழுக்கல் கொடுத்தால்தான் ஓரத்தில் அந்த மெல்லிய வெளிச்சக் கோடு விழும்.

பலகை, தேங்காய், தீப்பெட்டி மூன்றையும் போட்டோ எடுத்து ஸ்கேன் செய்தேன். மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் போதும், ஆனால் அதற்கு என்விடியா கார்டு வேண்டும். பொருளைச் சுற்றி மூன்று உயரத்தில் மூன்று சுற்று, சுற்றுக்கு 30 படம், அடுத்தடுத்த படங்கள் முக்கால்வாசியாவது ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். மேகமூட்டமான நாளில் நிழலில் எடுங்கள். வெயிலில் எடுத்தால் அந்த நிழல், பொருளின்மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சரிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு உங்கள் காட்சியில் லைட் இடப்பக்கமிருந்து வரும், தேங்காயில் மட்டும் நிழல் இடப்பக்கமே விழுந்திருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது, திரும்ப எடுத்தேன். போனில் எடுப்பதானால் எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள். பொருளைச் சுழல்தட்டில் வைத்துச் சுற்றினால் பின்னணியில் எந்த வடிவமும் இருக்கக்கூடாது. இருந்தால் மென்பொருள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கேமரா நகரவே இல்லை என்று முடிவு செய்துவிடும். பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள், அதன் விட்டம் 27 மி.மீ., பிறகு நிஜ அளவுக்குக் கொண்டுவர அது உதவும். வருகிற மெஷ்ஷில் (உருவத்தின் வலையில்) 20 லட்சம் முக்கோணம் இருக்கும். அதை 40,000-க்குக் குறைத்து, நுண்ணிய மேடுபள்ளத்தை நார்மல் மேப் என்ற படமாக பேக் செய்தால் (பதித்துவிட்டால்) கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

சொம்பையும் டம்ளரையும் ஸ்கேன் செய்ய முயன்று 5 நாள் போனது. பளபளப்பான பரப்பில் தெரிவது பொருளின் புள்ளிகள் அல்ல, எதிரில் இருப்பவற்றின் பிம்பம். கேமரா நகர்ந்தால் பிம்பமும் நகரும், மென்பொருளுக்குப் பிடிக்க ஒரு நிலையான புள்ளிகூட இருக்காது. பளபளப்பை வடிகட்டும் பாலரைசர் மாட்டினால் தீரும் என்று படித்து அதையும் செய்தேன். பீங்கானுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது உதவும். உலோகத்தில் பிரதிபலிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை, படம் கருப்பாகத்தான் வரும். முகப்பவுடர் பூசினால் வடிவம் கிடைக்கும், ஆனால் அதற்கு அவசியமே இல்லை. சொம்பு அச்சில் சுற்றி வரும் வடிவம்தானே. பக்கவாட்டில் தூரத்தில் நின்று ஜூம் செய்து ஒரு போட்டோ எடுத்து, அதன்மேல் பாதி ஓரத்தை மட்டும் கோடாக வரைந்து, கோட்டை அச்சில் சுற்றி உருவமாக்கும் ஸ்க்ரூ மாடிஃபையரில் 64 படி கொடுத்தால் 20 நிமிடத்தில் சொம்பு ரெடி. ஸாலிடிஃபையில் தகட்டின் தடிமன். டம்ளருக்கு வாயோரம் வெளிப்பக்கமாகச் சுருண்டு மடிந்திருக்கும், அந்த மடிப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத டம்ளர் காகிதக் கப்பாகிவிடும். உருவத்தில் கருப்புப் பட்டைகள் தெரிந்தால் நார்மல் (பரப்பு பார்க்கிற திசை) திரும்பியிருக்கிறது என்று அர்த்தம், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் என் அழுத்துங்கள்.

மெட்டாலிக் (உலோகத்தன்மை) 1, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.2 என்று போட்டால் பித்தளை வந்துவிடும், ஆனால் கடையில் நேற்று வாங்கிய பித்தளையாக இருக்கும். வீட்டுச் சொம்பு புளி போட்டு விளக்கியது. வயிற்றில் கை அழுந்தித் தேய்த்த இடம் பளிச்சென்றும், கழுத்து மடிப்பில் விரல் நுழையாத இடம் கறுத்துப் பச்சைக் களிம்போடும் இருக்கும். இடுக்குகளைக் கண்டுபிடிக்கும் ஆம்பியன்ட் ஆக்லூஷன் நோடில் (நோட் என்பது பிளெண்டரில் ஒரு வேலையைச் செய்யும் கட்டம்) தூரத்தை 5 மி.மீ. வைத்து, அதை முகமூடியாகப் பயன்படுத்தினால் களிம்பு தானாக மடிப்பில் மட்டும் உட்காரும். ரஃப்னஸை 0.15-க்கும் 0.35-க்கும் நடுவே ஒரு நாய்ஸ் டெக்ஸ்சரால் அலையவிடுங்கள். எவர்சில்வருக்கு வேறு கதை. வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கும், அதனால் டவராவின் அடியில் வெளிச்சம் விசிறி மாதிரி விரியும். வெளிச்சத்தை ஒரு திசையில் நீட்டும் அனிசோட்ரோபிக் 0.7, டேன்ஜென்ட் நோடில் ரேடியல், இசட் அச்சு. இந்த ஒன்றைச் செய்ததும் டவரா கையில் எடுக்கலாம் போல ஆனது.

டம்ளரில் பெயர் வெட்டியிருக்க வேண்டும் என்று ஆசை. பாத்திரக் கடையில் மெஷினை வைத்துக் குத்திக் குத்தி எழுதித் தருவார்களே, அந்தப் புள்ளி எழுத்து. நான் பயன்படுத்திய பிளெண்டர் பதிப்பில் தமிழைத் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, கொகரம் மூன்று துண்டாகச் சிதறியது. ஒரு நாள் முழுக்க ஃபான்ட் மாற்றி மாற்றிப் பார்த்தேன், தப்பு ஃபான்டில் இல்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, எழுத்தைப் பாதையாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து உள்ளே கொண்டுவாருங்கள், ஒழுங்காக வரும். அந்தக் கோட்டின் வழியே 0.8 மி.மீ. இடைவெளியில் 0.4 மி.மீ. விட்டப் புள்ளிகளை வைத்து, கருப்பு வெள்ளைப் படமாக எடுத்து மேடுபள்ளம் காட்டும் பம்ப் நோடில் கொடுத்தேன். இடைவெளி ஒரே சீராக இருந்தால் அச்சடித்தது போல இருக்கும். திருப்பத்தில் புள்ளிகள் நெருங்கவும், நேர்கோட்டில் கொஞ்சம் தள்ளிப் போகவும் விட்டால்தான் அது மனிதக் கை.

இனி மல்லிகை. படத்தின் உயிர் இங்கேதான், அதிக நாள் போனதும் இங்கேதான். ஐந்து பூ மாடல் செய்தேன்: மூன்று மொட்டு, ஒன்று அரைகுறையாக அவிழ்ந்தது, ஒன்று விரிந்தது. மொட்டு 2 செ.மீ. நீளம், அதில் பாதிக்கு மேல் பச்சை கலந்த காம்புக் குழல். கட்டிய சரத்தில் பூக்கள் இரண்டிரண்டாக எதிரெதிர்ப் பக்கம் பார்த்து நிற்கும், நடுவில் நூல் இறுக்கிய இடத்தில் காம்புகள் ஒன்றோடொன்று சாய்ந்திருக்கும். ஜியோமெட்ரி நோட்ஸில் வளைவைப் புள்ளிகளாக்கி, 5 மி.மீ.க்கு ஒரு புள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு பூவை இன்ஸ்டன்ஸாக (மூலத்தையே காட்டும் நகலாக) வைத்து, வளைவின் திசைக்குத் திருப்பி, ஒன்று விட்டு ஒன்றை 180 பாகை சுழற்றி, அதன்மேல் 15 பாகை வரை தாறுமாறாக அலையவிட வேண்டும். ரியலைஸ் இன்ஸ்டன்ஸஸ் நோடை மட்டும் சேர்க்காதீர்கள். அது இல்லாதவரை 600 பூவும் நினைவகத்தில் ஐந்து பூவாகத்தான் இருக்கும். சேர்த்த கணம் 600-ம் தனித்தனி மெஷ் ஆகி லேப்டாப் படுத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் முதல் ரெண்டரில் அது தண்ணீராகத் தெரியவில்லை, யாரோ சொம்புக்குள் சரத்தைப் போட்டு ஒரு நுனி வெளியே தொங்குவதாகத் தெரிந்தது. காரணம் வளைவு. தொங்குகிற நூல் வாயோரத்தை விட்டதுமே நேராகக் கீழே இறங்கிவிடும். ஊற்றுகிற தண்ணீர் முன்னோக்கிப் பாய்ந்துகொண்டே விழும், அது பரவளையம். சொம்பின் வாயிலிருந்து கிடைமட்டமாக வினாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது என்று வைத்தால், 0.1 வினாடியில் 5 செ.மீ. முன்னே போய் 5 செ.மீ. கீழே விழும், 0.2 வினாடியில் 10 செ.மீ. முன்னே, கிட்டத்தட்ட 20 செ.மீ. கீழே. அந்தப் புள்ளிகளைக் குறித்து வளைவை அதன் வழியே இழுத்தேன். இன்னொன்றும் உண்டு. தண்ணீர் விழ விழ வேகம் கூடும், வேகம் கூடினால் தாரை மெலியும். 20 செ.மீ. கீழே வேகம் வினாடிக்கு 2 மீட்டர், அதாவது நாலு மடங்கு. அப்படியானால் தாரையின் குறுக்குப் பரப்பு காலாகும், விட்டம் பாதியாகும். சொம்பின் வாயில் 4 செ.மீ. அகலத்துக்கு நெருக்கமாகப் பின்னிக்கொண்டு வரும் நாலு சரம், டம்ளரைத் தொடும்போது 2 செ.மீ. அகலத்தில் ஒற்றைச் சரமாக முடியும்படி செய்தேன். டம்ளரின் ஓரத்தில் நாலைந்து உதிரிப் பூ, தெறித்த துளிகளாக. இதைப் பார்த்த அன்று இரவு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பூவின் வெள்ளைக்கு ஒரு எச்சரிக்கை. வெள்ளை என்று 1.0 போடாதீர்கள், 0.8 உச்சம். 1.0 போட்டால் ஒளி பூவுக்குப் பூ பட்டுத் தெறித்துக்கொண்டே இருக்கும், குறையாது, புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும், நிழலும் வெளுத்துப் போகும். இதழில் ஒளியைக் கசியவிடும் டிரான்ஸ்லூசன்ட் கொஞ்சம் கலந்தால், 0.3 அளவு, பின்வெளிச்சத்தில் இதழ் ஒளிரும். பிளெண்டர் 4.0-லிருந்து ஏஜிஎக்ஸ் என்ற நிற முறைதான் இயல்பாக வருகிறது. அதில் வெள்ளை கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். பயந்து லைட்டைக் கூட்டாதீர்கள், லுக் என்ற இடத்தில் மீடியம் ஹை கான்ட்ராஸ்ட் வைத்தால் போதும்.

லைட்டுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஓர் இடத்தின் சுற்றுப்புற வெளிச்சத்தை அப்படியே பதிந்த எச்டிஆர் படம் ஒன்றைப் போட்டேன். பாலி ஹேவன் தளத்தில் இருப்பவை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்தத் தருபவை. வெளிச்சம் அழகாகத்தான் வந்தது. ஆனால் சொம்பின் வயிறு குவிந்த கண்ணாடி, கேமராவுக்குப் பின்னால் இருக்கிற மொத்த அறையையும் காட்டிவிடும். நம் சொம்புக்குள் ஏதோ சீமை ஸ்டூடியோவின் உயர்ந்த சன்னல் வரிசை தெரிந்தது. அது ஒரு பொய், அதுவும் நாம் கேட்காத பொய். எச்டிஆர் படத்தைத் தூக்கிவிட்டு, கேமராவைச் சுற்றி 3 மீட்டர் அறை ஒன்றைக் கட்டினேன். இடப்பக்கச் சுவரில் 90-க்கு 120 செ.மீ. சன்னல், அதில் ஐந்து செங்குத்துக் கம்பி, கம்பிக்கு 5 செ.மீ. பின்னால் சன்னல் அளவுக்கே ஒரு ஏரியா லைட். இப்போது சொம்பின் வயிற்றில் வளைந்த ஒரு கம்பி சன்னல் தெரிகிறது. நிழல் மென்மையாக விழுவதும் லைட்டின் அளவால்தான். முதலில் வைத்த 10 செ.மீ. லைட்டில் எல்லாம் ஃபிளாஷ் அடித்த கல்யாண போட்டோவாக இருந்தது.

ரெண்டருக்கு முன்பு கணக்குப் போடுங்கள், நான் போடவில்லை. ஏ2 தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 4961-க்கு 7016, அதாவது முழு எச்டியைப் போலப் 17 மடங்கு. 256 சாம்பிளில் (ஒரு புள்ளிக்குக் கணினி எடுக்கும் ஒளி மாதிரிகள்) முழு எச்டி சோதனைப் படம் 4 நிமிடம் எடுத்தால், 1024 சாம்பிளில் பெரிய படம் நாலரை மணி நேரம். இரைச்சலைப் பாதியாக்க சாம்பிளை நாலு மடங்காக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் சுவரில் மாட்டி ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 200 புள்ளியே தாராளம்: 3307-க்கு 4677. நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். நினைவகமும் இப்படித்தான். 8கே டெக்ஸ்சர் ஒன்று பிரித்து வைத்தால் 256 எம்பி, ஒரு பொருளுக்கு மூன்று, நாலு பொருளுக்கு 3 ஜிபி. தீப்பெட்டி படத்தில் 300 புள்ளி அகலம்கூட இல்லை, அதற்கு 1கே போதும். அதைச் செய்யாமல், நினைவகம் போதவில்லை என்று வாடகைக் கணினிக்குப் போனேன். கோப்பை அனுப்புமுன் டெக்ஸ்சர்களையும் கோப்புக்குள் கட்டிவைக்கும் பேக் ரிசோர்ஸஸ் கொடுக்க மறந்ததால் டெக்ஸ்சர்கள் என் லேப்டாப்பிலேயே நின்றுவிட்டன. விடிந்து பார்த்தால் தேங்காய் ரோஸ் நிறத்தில் இருந்தது. அந்த 2,800 ரூபாய் அப்படித்தான் போனது. எங்கே அனுப்பினாலும் முதலில் 10 சதவீத அளவில் ஒரு ரெண்டர் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இரைச்சலை நீக்கும் டீநாய்ஸ் போட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். குறைந்த சாம்பிளில் அது கயிற்றின் நாரையும் பெயர் வெட்டின புள்ளியையும் இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும், பூ மெழுகாகிவிடும். ஆல்பெடோ (பொருளின் சொந்த நிறம்), நார்மல் இரண்டையும் அதற்குக் கொடுத்து, ப்ரீஃபில்டரை ஆக்யூரேட் என்று வைத்து, சுத்தமான படத்தை 70 பங்கும் சுத்தம் செய்யாததை 30 பங்கும் கலந்தேன். மின்மினி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தால் தெறித்து வரும் ஒளிக்கு உச்சவரம்பு போடும் இன்டைரக்ட் கிளாம்ப் 10. காஸ்டிக்ஸை (பளபளப்பில் பட்டு வேறு பொருள்மேல் விழும் ஒளியை) அணைத்தால் அந்தப் புள்ளிகள் போகும், ஆனால் சொம்பு பலகைமேல் வீசும் மஞ்சள் ஒளியும் சேர்ந்து போய்விடும். அது இல்லாமல் சொம்பு பலகையோடு ஒட்டவே இல்லை. ஒரு சின்ன மஞ்சள் ஸ்பாட் லைட்டை அந்த இடத்தில் வைத்து ஈடு செய்தேன். கோப்பை, நிறப் படிகள் அதிகம் தாங்கும் ஓபன் இஎக்ஸ்ஆராகச் சேமியுங்கள். 8 பிட்டில் சேமித்தால் பின்னணி இருட்டு படிப்படியாகப் பட்டை விழும்.

கடைசி அடி அச்சில். முதல் அச்சில் பின்னணியும் கயிறும் ஒரே கருப்பாக மூழ்கிவிட்டன. கடையில் தப்பில்லை, என் திரையின் பிரகாசம் உச்சத்தில் இருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். திரையின் வெள்ளை விளக்கு மாதிரி எரிந்தால், தாளோடு ஒக்கும்வரை குறைத்துவிட்டுத்தான் நிறத்தைத் தொட வேண்டும். இரண்டாவது அச்சு வேறொரு கடையில். கோப்பை அவர்கள் அச்சுக்கான நாலு நிற முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றி லேசர் மெஷினில் போட்டதில் பித்தளையின் பொன் நிறம் செத்து, கடுகு அரைத்த விழுது நிறமானது. மை கலந்து வராத மஞ்சள் அது. மூன்றாவது முறை, பிக்மென்ட் மை போடும் இன்க்ஜெட் இருக்கிற இடமாகப் பார்த்து, அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஐசிசி ப்ரொஃபைலைக் கேட்டு வாங்கி, ஜிம்ப் என்ற பட மென்பொருளில் சாஃப்ட் ப்ரூஃப் (திரையிலேயே அச்சு ஒத்திகை) போட்டுப் பார்த்து, நிழலைக் கொஞ்சம் தூக்கி, 16 பிட் டிஃப் கோப்பாகக் கொடுத்தேன். முழுப் படத்தையும் அடிக்கச் சொல்லவில்லை. சொம்பின் கழுத்து, ஒரு பிடி மல்லிகை, பலகையின் ஓரம் மூன்றும் வருகிற மாதிரி நிஜ அளவிலேயே ஏ4 துண்டு ஒன்று, 150 ரூபாய். அதைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, ராத்திரி எல்இடி பல்புக்குக் கீழே ஒரு தடவை பார்த்து, மஞ்சளை இன்னும் ஒரு துளி சிவப்புப் பக்கம் நகர்த்தி, பிறகுதான் ஏ2-க்குச் சொன்னேன். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் பருத்தித் தாள். கண்ணாடி போடாமல் சட்டம் மட்டும் போட்டதால் டம்ளரில் வெட்டின புள்ளிகள் கிட்டப் போனால் ஒவ்வொன்றாக எண்ண வருகின்றன.